நான் காட்டிய ரீங்காரச் சிட்டு

ஒரு பூச்சியைக் காட்டி, "இதுதான் உன் புருசன்" என்று பொய் சொல்லி, என் மருமகளின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்.

அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்!

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் நேரே அடுப்படிக்குள் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துகொள்வேன். பஸ்ஸில் எங்கள் ஊர் வந்தாலும் சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஊரில் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். அந்த வாயில்லாப் பூச்சிதான் இதைச் செய்தது.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில். சுற்றிலும் திராட்சைப் பந்தல். என் புருசன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன் பாண்டி. மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்ணாட்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டினான். மயிலாடும்பாறைப் பக்கம் ஈஸ்வரி என்ற பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தேன். கல்யாணமான மறு வருசம், மலையில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாக இறங்கி வரும்போது, கம்பம்மெட்டு வளைவில் ஜீப் உருண்டுவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் அவளும் மட்டும் மிஞ்சினோம்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனாலும் எழுத்தை விட்டதில்லை. திராட்சை பெட்டி கட்டுகிற இடத்தில், பெட்டிக்கு அடியில் விரிக்கப் பழைய பேப்பரும் வாரப்புத்தகத் தாளும் கட்டுக்கட்டாக வரும். கதை இருக்கிற தாளாகப் பார்த்து மடித்து இடுப்பில் சொருகிக்கொள்வேன். பாதிக் கதைதான் கிடைக்கும். மீதி யார் பெட்டிக்கு அடியிலோ கேரளாவுக்குப் போயிருக்கும்.

பாண்டி போன பிறகு, அப்படி வந்த ஒரு தாளில்தான் ரீங்காரச் சிட்டைப் பற்றிப் படித்தேன்.

ஏதோ வெளிநாட்டில் நடக்கிற கதை. புருசனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி. அவள் சன்னலுக்கு ஒரு குருவி வருகிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்குமாம். கிளையில் உட்காராதாம். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்குமாம். சிறகு அடிக்கிற வேகத்தில் சிறகே கண்ணுக்குத் தெரியாதாம், ஓசை மட்டும் கேட்குமாம். அது பூவை விட்டுவிட்டு அவள் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது...

படித்துவிட்டு அங்கேயே அழுதேன். பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள், "ஏக்கா, பெட்டிக்குள்ள கண்ணீர விடாத, பழம் அழுகிப்போகும். பெறகு எறணாகொளத்துக்காரன் நம்மளயில்ல வைவான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளை மடித்துச் சொருகிக்கொண்டேன்.

எழுதினவர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் இல்லை. மாணிக்கம் என்றும் மரகதம் என்றும் அந்தக் குருவியை என்னமாய் அலங்கரித்திருந்தார்!

எங்கள் சனத்தில் அறுத்துக் கட்டுவது புதிது இல்லை. தாலி அறுத்த பெண்ணை, வருசத் திதி முடிந்ததும் அவள் அப்பன் வீட்டார் வந்து கூட்டிப்போவார்கள். நல்ல இடமாகப் பார்த்து மறுபடி கட்டிக்கொடுப்பார்கள். யாரும் ஒரு சொல் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். ஆகவே, ஊர் அவளைக் கட்டிப்போட்டது என்று நான் ஊர்மேல் பழி போட முடியாது. சாதிமேலும் போட முடியாது.

திதி முடிந்து ஈஸ்வரியின் அப்பா வந்தார். மாப்பிள்ளை தேவாரத்தில் மாவு மில் வைத்திருக்கிற ஆள், பெண்டாட்டி பிரசவத்தில் இறந்துபோனவர், தங்கமான மனுசன் என்றார்.

"வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி. ஒனக்கும் மனசு ஒப்பணும்."

"நல்லா இருக்கட்டும்ண்ணே" என்றேன். உள்ளே ஏதோ கழன்று விழுந்தது.

ஈஸ்வரி துணிமணியை ஒரு பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தாள். போக அவளுக்கு விருப்பமா என்று கேட்கிறீர்களா? விருப்பம்தான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இருக்காதா? ஆனால் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்துவைத்தாள்.

"அத்தை, நான் போறேன்னு என்னைய வையமாட்டீகள்ல?"

"போ கழுத, ஒன்னைய எதுக்கு வைறேன்."

"கஞ்சிய மட்டும் குடிச்சிட்டுப் படுத்துக்கிராதீக. கொழம்பு வைங்க."

இப்படிச் சொன்னவளுக்குத்தான் செய்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்திமந்தாரை பூத்திருந்தது. அதில் ஒன்று வந்து நின்றது. உட்காரவில்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டு, ஊசி மாதிரி ஒன்றைப் பூவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ம்ம்ம் என்று சத்தம்.

"அத்தை, அங்கன பாருங்க! என்னா குருவி அது? ஒக்காரவே மாட்டேங்குது!"

அது குருவி இல்லை. திராட்சைக் கொடியில் வாலில் கொம்பு வைத்த பருத்த புழு ஒன்று விழும். ஒரு கொடியின் இலையை முழுக்க மொட்டையடித்துவிடும். அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி, பூச்சியாக வெளியே வந்து, பொழுது மயங்குகிற நேரத்தில் இப்படிப் பூவுக்குப் பூ நின்று தேன் குடிக்கும். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். ஈஸ்வரிக்குத் தெரியாது. அவள் ஊர்ப்பக்கம் கடலையும் பருத்தியும்தான். திராட்சைப் பந்தலை அவள் பார்த்ததே எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு.

"கொம்புப்புழுப் பூச்சிடீ" என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக வாயெடுத்தேன்!

அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, கட்டிலின் மேல் அந்தப் பை தெரிந்தது.

"அது ரீங்காரச் சிட்டு" என்றேன்.

"அப்படின்னா?"

"செத்துப்போனவுக தேடி வந்தா அந்தக் குருவியாத்தான் வருவாக. புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்துலயா? நெசமாவா?"

உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து நீட்டினேன். அவள் எட்டு படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். தாளை அவள் கையில் நான் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே காட்டினேன். மேலே 'சிறுகதை' என்று போட்டிருந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

அந்த விரல் தற்செயலாக அங்கே இருந்தது என்று நீங்கள் நம்பினால், அது உங்கள் நல்ல மனது.

படித்துவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. பூச்செடிக்குப் பக்கத்தில் போனாள். அந்தப் பூச்சி ஓடவில்லை. அவள் முகத்துக்கு நேரே ஒரு கணம் நின்றது. பூச்சிகள் சில நேரம் அப்படி நிற்கும்...

"மாமா" என்றாள் அவள். "சாப்பிட்டீகளா மாமா?"

மறுநாள் அவள் அப்பா வந்தார். வரமாட்டேன் என்றாள். காரணத்தையும் சொன்னாள். அந்த மனுசன் முதலில் சிரித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏத்தா, நான் ஒன்னைய மனுசனுக்குக் கட்டிக்கொடுத்தேனா, குருவிக்குக் கட்டிக்கொடுத்தேனா? நாளைக்குக் கூடு கட்டி முட்டை வைப்பியா? ஊர்ல கேட்டா காறித் துப்புவாக!"

"துப்பிட்டுப் போகட்டும். அவுக சாயங்காலம் வருவாக. நான் இல்லாட்டி தேடுவாக."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லு தங்கச்சி. ஒன் சொல்லத்தான் கேப்பா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழுகை நெசம்தான், அதிலே பொய் இல்லை. ஆனால் அந்த அழுகையைப் பார்த்து, மகனை நினைத்து அழுகிறாள் என்று அவர் பேச்சை விட்டுவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். விட்டுவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த மனுசனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

ஈஸ்வரி பையை அவிழ்த்து, துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். அன்றைக்கு ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவளும் திராட்சை வேலைக்கு வருகிறேன் என்றாள். வந்தால் அந்தப் புழுவைப் பார்ப்பாள், நாலு பெண்கள் நாலு வார்த்தை சொல்வார்கள். "வேணாந்தாயி, அங்கன மருந்து அடிப்பாக, ஒனக்கு ஒத்துக்காது" என்று தடுத்தேன். தையல் மிஷின் எடுத்துக்கொடுத்தேன். ஊரே மெச்சியது. மருமகளை வெயிலில் விடாமல் வைத்திருக்கிறாளே, மாமியார் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

நான் பகலில் பந்தலுக்கு அடியில் கொம்புப்புழு பொறுக்குவேன். பொறுக்கிக் கல்லில் வைத்து நசுக்குவேன், பச்சையாகத் தெறிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஈஸ்வரி செடிக்குப் பக்கத்தில் நிற்பாள். "இன்னைக்கு ரெண்டு வந்துச்சு அத்தை. கூட யாரு, மாமாவா இருக்குமோ?" என்பாள். என் புருசனைச் சொல்கிறாள். நான் கை கழுவிக்கொண்டே, "இருக்கும்" என்பேன்.

தோட்டங்களில் மருந்து அடிக்கிற மாதங்களில் பூச்சி வராது. அவள் வாடிப்போவாள். "அவுகளுக்கு எம்மேல என்னமோ கோவம் அத்தை. நான் என்னா தப்புச் செஞ்சேன்?" என்று யோசித்து யோசித்து ஒரு தப்பைக் கண்டுபிடிப்பாள். பூப்போட்ட சேலை கட்டினேனே, அதுவா? பக்கத்து வீட்டில் டிவி பார்த்துச் சிரித்தேனே, அதுவா? அந்தச் சேலையை அதற்குப் பிறகு அவள் கட்டவில்லை.

சாயங்காலம் ஒரு இடத்துக்கும் போகமாட்டாள். அவள் அப்பா தேனி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். மத்தியானம் ஆள் வந்து கூப்பிட்டது. "அவுக வந்துட்டுப் போகட்டும், இருட்டவும் வர்றேன்" என்றாள். இவள் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. திரும்பி வந்து என் மடியில்தான் விழுந்து அழுதாள். என் மடியில்! நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நான் ஒருநாளும் நம்பியதே இல்லையா? ... அவள் ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் மட்டும் செடிக்குப் பக்கத்தில் நின்றேன். பூச்சி வந்தது. "எய்யா, ஜீப்ப மெதுவா ஓட்டக் கூடாதாய்யா" என்று கேட்டுவிட்டேன். அது அடுத்த பூவுக்குப் போய்விட்டது. மகனைப் பறிகொடுத்தவள் நானும்தான். ஆனால் அவனை ஒரு பொய்யாக்கி விற்றுவிட்ட பிறகு, அவனுக்காக ஒழுங்காக அழக்கூட எனக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அந்தக் குருவியைப் பற்றி எங்கே எழுதியிருந்தாலும் தேடித் தேடிப் படித்தேன். பெட்டித் தாளில் பார்த்தேன், பிறகு ஊர் லைப்ரரியில் ஆள் இல்லாத நேரமாகப் போய்ப் பார்த்தேன். ஏன் தேடினேன்? பொய்க்குக் கொஞ்சம் நெசம் கிடைக்காதா என்றுதான்.

ஒருவர் ரீங்காரச் சிட்டு என்கிறார். ஒருவர் ஓசனிச்சிட்டு என்கிறார். இன்னொருவர் நம் வேலியில் வருகிற தேன்சிட்டையே அதுவென்று எழுதிவைத்திருக்கிறார். தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. ஒருவருக்கு அது காதல், ஒருவருக்கு அது ஆத்மா. ஒருவருக்கு ஆடுகிற பெண், இன்னொருவருக்குச் சாமி அனுப்பிய தூது. அத்தனை பேருக்கும் அது ஏதோ ஒன்றாக இருக்கவேண்டியிருக்கிறது. குருவியாக இருக்க ஒருத்தர் விடவில்லை!

ஒரே ஒரு இடத்தில், பிள்ளைகளுக்கு எழுதிய ஒரு பக்கத்தில், குருவியைக் குருவியாகப் படித்தேன். அது நம் தேசத்திலேயே கிடையாதாம். உலகத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்காக் கண்டத்தில்தானாம். சரியான சண்டைக்காரக் குருவியாம். ஒரு பூவுக்காகத் தன் இனத்தையே மூக்கால் குத்தி விரட்டுமாம். குளிர்ந்த ராத்திரியில் பசி தாங்கமுடியாமல் உடம்பு சில்லிட்டுச் செத்ததுபோலக் கிடக்குமாம். ஆண் குருவி சேர்ந்ததோடு சரி, கூடு கட்டுவதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் பெண் ஒருத்திதானாம். ஆண் திரும்பியே பார்க்காதாம்!

செத்தும் தேடிவருகிற புருசனாக எழுத்தாளர்கள் பிடித்துவைத்த குருவி இதுதான்.

உங்களில் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள்மேல் எனக்குக் கசப்பு உண்டு, மறைக்கவில்லை. அழகாக எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அது யார் பெட்டிக்கு அடியில் எந்த ஊருக்குப் போகிறது என்று உங்களுக்கு என்ன கவலை? ... ஆனால் இதுவும் தப்பித்துக்கொள்கிற பேச்சுத்தான். அந்தச் சண்டைக்காரக் குருவியை முதலிலேயே படித்திருந்தால் நான் பொய் சொல்லாமல் இருந்திருப்பேனா? வேறு ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்திருப்பேன். கதை எழுதியவர் கதை என்று மேலே போட்டுத்தான் எழுதினார். அதை மறைத்த விரல் என்னுடையது.

மாவு மில்காரர் வேறு பெண்ணைக் கட்டினார். ஒருமுறை சின்னமனூர்ச் சந்தையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு அவரைப் பார்த்தேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல, அவர் குனிந்து கேட்டுச் சிரித்தார். ஈஸ்வரி என் பக்கத்தில்தான் நின்றாள். எனக்கு முன்பே தெரிந்த முகம், அவளுக்கு அவர் யாரென்றே தெரியாது. "கத்திரிக்கா நல்லாருக்கு அத்தை" என்றாள்.

இப்போது அவள் தலையில் பாதி நரை. மிஷினில் நூல் கோக்க என்னைப்போலவே கண்ணைச் சுருக்குகிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால், பழைய பாவம் என்று சாகும்வரை மூடிவைத்திருப்பேன். எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வீட்டு ராசம்மாவின் மகன் போன வருசம் காய்ச்சலில் இறந்தான். மருமகள் சுகந்தி தேனியில் பிறந்து வளர்ந்த பெண். ராசம்மாவே அவளிடம், "நீ சின்னப்பிள்ள தாயி, போய் நல்லா இரு. ஒங்க அண்ணன் பாக்குற எடத்தக் கட்டிக்க" என்று சொல்லி, தன் கையால் துணி மடித்துவைத்தாள். அவளும் மகனைக் கொடுத்தவள்தான். அவளும் இனிமேல் தனிதான். அவளுக்கு முடிந்தது.

கூட்டிப்போக அண்ணன் ஆட்டோ கொண்டுவந்திருந்தான். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகச் சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொழுது இறங்குகிற நேரம். செடியில் அவள் பக்கமாகப் பூச்சி வந்து நின்றது.

"அக்கா, இது ஹம்மிங் பேர்டு மாதிரில்ல இருக்கு! ரீல்ஸ்ல பாத்துருக்கேன்."

"அதேதான்" என்றாள் ஈஸ்வரி. குரலில் ஒரு பெருமை. பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நான் அன்றைக்குச் சொன்னதைவிட அழகாகச் சொன்னாள். இத்தனை வருசத்தில் மெருகேறியிருந்தது. "போகாத சுகந்தி. ஒங்க வீட்டுக்காரரும் இங்கனதான் சுத்திக்கிட்டிருப்பாக. இன்னைக்கு வந்தது யாருன்னு நினைக்குற? எங்க வீட்டு ஆளு இப்படி ஒன் பக்கமா வந்து நிக்க மாட்டாகளே!"

சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இந்தக் காலத்துப் பெண். "நம்ம ஊர்ல அந்தப் பறவை கெடையாதும்பாகளே அக்கா..." என்று இழுத்தாள்.

"எங்க அத்தை புத்தகத்துலயே படிச்சவுக. அவுககிட்டயே கேளு. சொல்லுங்கத்தை!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வாய்வரை வந்தது. பூச்சி என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்தப் பெண் ஆட்டோவில் ஏறிப் போய்விடுவாள், பிழைத்துக்கொள்வாள். ஆனால் அதை ஈஸ்வரியும் கேட்பாளே! கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாளே... அந்தப் பார்வையை வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

"நெசமா பாட்டி?" என்றாள் சுகந்தி.

"நெசந்தான் தாயி" என்றேன்.

முதல் தடவை தனியாகக் கிடப்பேனே என்ற பயத்தில் சொன்னேன். இந்தத் தடவை அந்தக் காரணம்கூட இல்லை. என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, யாரோ பெற்ற ஒரு பெண்ணைக் காவு கொடுத்தேன்.

தெருவில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. சுகந்தி வெளியே போய், "அண்ணே, நான் ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்" என்றாள். அவன் ஏதோ திட்டினான். வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

ரெண்டு நாள் எப்போதோ தாண்டிவிட்டது. சாயங்காலமானால் சுகந்தி வந்துவிடுகிறாள். இரண்டு பேரும் செடிக்குப் பக்கத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நேற்றுக் குழாயடியில் ராசம்மா, "அவ ஏன் போகமாட்டேங்குறா மதினி? நான் போகச் சொல்றத வெரட்டுறதா நினைக்குறாளோ?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாகத்தான் இருக்கிறது. நீங்கள் என் முகம் பார்த்தவர்கள் இல்லை. என் மடியில் விழுந்து அழுதவர்கள் இல்லை. இவ்வளவையும் எழுத்துக்கூட்டி எழுதுகிற நேரத்தில், எழுந்து பக்கத்து அறைக்குப் போய், ஈஸ்வரியிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.